என் அக்காள் மீனில் தூவியது மண்தான்

1

என் அக்காளை ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஸ்காட்லாந்தில் நான் வேலை பார்க்கும் மீன் ஆலையின் ஓய்வறையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். அதில் அவள் ஊருக்கே விஷம் கொடுக்கிறவளாக இருந்தாள்.

வீடியோ அரை நிமிடம்கூட இல்லை. கடப்புறம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் கடற்கரை, மத்தியான வெயில், அலுமினியச் சருவம் நிறையச் சாளை மீன். ஒருத்தி கையைக் கீழே விட்டு எதையோ வெள்ளையாக அள்ளி மீன்மேல் தூவுகிறாள். மறுபடியும் அள்ளித் தூவிப் புரட்டுகிறாள். நிமிர்ந்து சிரிக்கிறாள். இதன்மேல் ஒரு ஆண் குரல்: "நன்றாகப் பாருங்கள். பிணம் கெடாமல் இருக்கப் போடுகிற பொடி. மீன் கெட்டுப்போகாமல் இருக்க இதைத்தான் போடுகிறார்கள். இதைத்தான் உங்கள் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். எல்லாருக்கும் அனுப்புங்கள்."

எல்லாரும் அனுப்பியிருந்தார்கள். எனக்கு லிங்க் அனுப்பியவன் குவைத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன். கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "இது நம்ம திரேசம்மா அக்கால்லா?"

அவளேதான். எனக்கு எட்டு வயது மூத்தவள். அவள் மாப்பிள்ளை கடலில் செத்துப்போன பிறகு இருபது வருடமாகச் சருவம் சுமந்து பிள்ளைகளைக் கரையேற்றியவள். பக்கத்தில் இருந்த போலந்துக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டான். இல்லை என்றேன். மணி அடித்தது. வலைத்தொப்பியும் நீலக் கையுறையும் மாட்டிக்கொண்டு போய் மீனை அறுத்தேன். அன்றைக்குக் கையுறையோடு சேர்த்து விரலையும் அறுத்துக்கொண்டேன். அதற்கு இரண்டு படிவம் எழுத வேண்டியிருந்தது.

2

கடற்கரைக்காரர்களுக்கு மண் விஷயம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன்.

கரமடி என்பது கரையில் நின்று ஊர்கூடி இழுக்கிற வலை. மண்ணில் இழுத்துப் போடுவதால் அந்த மீனில் மண் ஒட்டியிருக்கும். ஐஸில் கிடந்த மீனில் மண் இருக்காது. அதனால் சுசீந்திரத்தைச் சுற்றி வயல்காட்டு ஊர்களில் இருப்பவர்களுக்கு மண் ஒட்டிய மீன் என்றால் இன்று காலை பிடித்த மீன். "மண்ணு உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் சருவத்தை இறக்கச் சொல்வார்கள். எங்கள் பெண்கள் ஏலத்தில் எடுத்த மீனைக் கடப்புறத்திலேயே உலர்ந்த மண்ணில் புரட்டிச் சருவத்தில் போட்டு பஸ் ஏறுவார்கள். தோல் காயாது, அறுக்கும்போது வழுக்காது. எங்கள் கடப்புற மண் வெளுப்பு. வெயிலில் தூவினால் மாவு போலத்தான் இருக்கும்.

இது சுத்தமான பழக்கமா என்றால், அதிகாரிகள் இல்லை என்கிறார்கள். கழுவி ஐஸ் போடு என்கிறார்கள். அது வேறு சண்டை. பழைய மீனில் மண் புரட்டிப் புது மீன் என்று விற்றவர்களும் உண்டு. என் அக்காள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை என்று நான் பைபிளில் கைவைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அது மண். பிணத்துக்குப் போடுகிற பொடி இல்லை.

நான் இருக்கும் ஊரில் ஒவ்வொரு மீன் பெட்டியிலும் ஒரு ஒட்டுத்தாள் இருக்கிறது. எந்த வள்ளம், எந்த நாள், எந்தத் துறை, எவ்வளவு குளிர், யார் அறுத்தது என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாள் இல்லாவிட்டால் தங்கமீனாக இருந்தாலும் குப்பைக்குத்தான் போகும். நம் ஊரில் அந்த ஒட்டுத்தாளின் வேலையை மண் பார்த்தது. எவனோ ஒருவன் அரை நிமிடத்தில் அந்தத் தாளைக் கிழித்துப்போட்டான். "மண்ணு உண்டா?" என்று இத்தனை வருடம் கேட்டு வாங்கிய அதே ஆட்கள் அதை அப்படியே நம்பினார்கள். எனக்கு ஆத்திரம் இதில்தான் அதிகம். வெளியூர்க்காரன் நம்பினால் போகட்டும் என்று விடலாம். தன் கையால் அந்த மண்ணைக் கழுவி ஊற்றியவளுக்கு எங்கே போயிற்று புத்தி?

3

அன்று சாயங்காலமே அக்காளைப் போனில் விளித்தேன்.

"பாத்தியாலே?" என்றாள். என்ன ஏது என்று கேட்கவில்லை.

"பாத்தேன் எக்கா."

"இண்ணைக்கோட மூணு நாளு. கொண்டு போன மீனு அப்படியே திரும்பி வருகு. பஸ்ஸுல பக்கத்துல இருந்தவ மூக்கப் பொத்துகா. மீனு நாத்தத்துக்குப் பொத்துனா பரவால்ல. பொடி மூக்குல ஏறிருமாம். கண்டக்டரு கேக்கான், 'எக்கா, பொடிக்குத் தனி டிக்கெட்டு எடுத்தியா'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஒனக்க தலையில ரெண்டு நுள்ளு போட்டா இருக்க நாலு முடியாவது கொட்டாம நிக்கும்னேன். பஸ்ஸு முழுக்கச் சிரிச்சுது. சிரிச்சவ ஒருத்தியும் மீனு வாங்கல்ல."

பிறகு அவள் சொன்னதுதான் என்னைப் படுத்தியது.

"மக்கா, அந்த வீடியோக் கம்பெனி உங்க வெள்ளக்காரன் நாட்டுலதான இருக்கு. நீ அங்கதான இருக்க. ஒருநா லீவு போட்டுட்டு நேரா போய்ச் சொல்லு. அது எனக்க அக்கா, அவ அப்படிப்பட்டவ இல்லன்னு சொல்லு."

ஊரில் எல்லாருக்கும் வெளிநாடு என்றால் ஒரே தெரு. கம்பெனிக்காரன் எனக்கு அடுத்த வீடு. நான் பதினாறு வருடமாக இங்கே இருக்கிறேன். குடியுரிமைக்கு மனுப் போட்டபோது என் அப்பாவின் பெயரை முதலில் எழுதுவதா என் பெயரை முதலில் எழுதுவதா என்று விளக்கவே எட்டு மாதம் ஆயிற்று. இவள் கம்பெனியிடம் நேராகப் போகச் சொல்லுகிறாள். "சரி எக்கா, பாக்கேன்" என்று சொல்லிவைத்தேன்.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது சுரேஷ்மேல். மெயின் ரோட்டில் ஐஸ் மீன் கடை வைத்திருக்கிறான். மண் மீன் போனால் ஐஸ் மீன் ஓடும் என்று கணக்குப் போட்டிருப்பான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, விளித்துக் கேட்டும்விட்டேன்.

"அண்ணே," என்றான் அவன், "எனக்க கடையில நாலு நாளா ஈகூட வரல்ல. மீனுன்னு சொன்னாலே சனங்க பயப்படுது. எனக்க கடைக்கு நானே தீ வைக்க எனக்கு என்ன கிறுக்கா? நீங்க ஒண்ணு செய்யுங்க. இனி யாரையாவது திட்டணும்னா அதுக்கு முன்ன ஒரு காப்பி குடிச்சுட்டு விளியுங்க."

அடுத்துக் கோழிக் கடைக்காரர்களைச் சந்தேகப்பட்டேன். பிறகு, கடப்புறத்துக்காரர்கள் தலையெடுக்கக் கூடாது என்று நினைக்கிற கூட்டத்தை. பிறகு மதத்தை வைத்துப் பிழைக்கிறவர்களை. வீடியோவை அனுப்பிய சித்தப்பா மகனைக்கூட ஒருநாள் சந்தேகப்பட்டேன். வேலை மேசை முன்னால் நின்றபடி மீனை அறுக்க அறுக்க ஒவ்வொரு முகமாகத் தலைக்குள் வந்து போயிற்று. ஆளுக்கு ஒரு காரணம் இருந்தது. சந்தேகப்பட ஆரம்பித்தவனுக்கு ஆளா கிடைக்காது?

4

பிறகு அந்தக் கம்பெனியிடம் புகார் கொடுத்தேன்.

புகார் கொடுக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் என்ன வகைப் புகார் என்று ஒரு பட்டியல் வரும். ஆபாசம், வன்முறை, தற்கொலை, ஆயுத விற்பனை. பொய்த் தகவல் என்பது பட்டியலின் அடியில் எங்கோ கிடந்தது. அதை அழுத்தினால் தேர்தலா, நோயா, வேறா என்று கேட்டது. 'வேறு' என்று கொடுத்து ஆங்கிலத்தில் விளக்கமும் எழுதினேன். எழுதியதைப் பிறகு மகள் வாசித்துவிட்டுச் சொன்னாள், "என் அக்காள் விஷம் அல்ல, அவள் மண்" என்று எழுதியிருக்கிறேனாம்.

பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. உங்கள் புகாரைப் பரிசீலித்தோம், இந்த வீடியோ எங்கள் விதிகளை மீறவில்லை. பத்து நிமிடத்தில் யார் பரிசீலித்தது? கரமடி தெரிந்தவனா? சாளைக்கும் அயிலைக்கும் வித்தியாசம் தெரிந்தவனா? தமிழ் தெரிந்த மனிதன் ஒருவன் அந்தக் கட்டடத்தில் எங்காவது ஒரு நாற்காலியில் இருக்கிறானா? எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆத்திரத்தில் அந்த வீடியோவின் கீழே தமிழில் எழுதினேன். "ஏலே, நீ எவனா இருந்தாலும் எங்க கடப்புறத்துக்கு வந்து பாருலே. வந்தா ஒன்னக் கொன்னு மண்ணுல புரட்டிருவேன்." நம் பக்கத்தில் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒருத்தரை ஒருத்தர் பத்து தடவை கொல்வோம். பந்து விளையாடும்போதும் கொல்வோம், சீட்டு விளையாடும்போதும் கொல்வோம். இந்தத் தமிழ் மட்டும் அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. என் கணக்கை ஒரு வாரம் பூட்டினார்கள். கொலை மிரட்டலாம்.

ஆக, பொய் சொன்னவன் வெளியே நிற்கிறான். பொய் என்று கத்தினவன் உள்ளே கிடக்கிறான்.

அதுவரை எனக்கு இந்த விஷயத்தில் ஒரே கருத்துத்தான் இருந்தது. பொய்யைப் பரப்பவிட்டு அந்தக் கம்பெனிகள் சம்பாதிக்கின்றன, கழுத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். இப்போதும் அது மாறவில்லை. ஆனால் கூடவே இன்னொரு பயம் வந்துவிட்டது. இவர்கள் கையில் கத்திரியைக் கொடுத்தால் எதை வெட்டுவார்கள் என்று பார்த்துவிட்டேன். என்னைத்தான் வெட்டினார்கள்.

5

கணக்கு பூட்டிய மறுநாள், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மனைவி றெஜினாவிடம் கத்திக்கொண்டிருந்தேன். அவள் முதியோர் இல்லத்தில் நர்ஸ். நாள் முழுக்கக் கிழவர்களின் கத்தலைக் கேட்டுவிட்டு வருகிறவள். என் கத்தலுக்கு அசையமாட்டாள். மகள் ஷெரின் எதிரே இருந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. நாங்கள் தமிழில் பேசுவாள் என்று சொல்லிக்கொள்கிறோம். எங்களிடம் பேசும்போது பாதித் தமிழ். எங்கள் ஊரைப் பற்றிய பேச்சு வந்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுவாள். அன்றைக்குப் போகவில்லை.

"அப்பா, எந்த வீடியோ? காட்டுங்க."

காட்டினேன். முடிந்ததும் இன்னொரு தடவை ஓடவிட்டாள்.

"இது நான் எடுத்தது."

றெஜினா குக்கரை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தோம். ஒருநாள் மத்தியானம் அக்காளோடு கடப்புறத்தில் நின்றோம். ஷெரின் போனில் எடுத்தாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். "நல்லா எடு மக்ளே" என்று சொன்னதுகூட நான்தான். அக்காள் தினமும் செய்கிற வேலைதானே, அந்த நாள் எனக்கு நினைவில் நிற்கவே இல்லை. அக்காள் நான்கு நிமிடம் பேசினாள். மண் எதற்கு, உலர்ந்த மண் ஏன் வேண்டும், வயல்காட்டு ஊர்க்காரர்கள் என்ன கேட்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே புரட்டினாள். அதில் அரை நிமிடத்தை ஷெரின் தன் பக்கத்தில் போட்டிருக்கிறாள். ஐந்து மாதம் சும்மா கிடந்ததை எவனோ எடுத்து, குரல் சேர்த்து விட்டிருக்கிறான்.

"திரேசம்மா மாமி பேசுனது எங்க?" என்று கேட்டேன்.

"வெட்டிட்டேன்."

"ஏன்?"

"என் ஃபிரண்ட்ஸுக்குப் புரியாதுல்லப்பா. ரொம்ப நீளமா வேற இருந்துச்சு. அதுக்குப் பதிலா ஒரு மியூசிக் போட்டேன்."

கை ஓங்கினேன். றெஜினா நடுவில் வந்து நின்றாள். "அவளுக்கு எதைச் சொல்லிக் கொடுத்தீங்க, இப்ப அடிக்கதுக்கு?" என்றாள். ஓங்கிய கை இறங்கிவிட்டது. நான் ஊரையே சந்தேகப்பட்டேன். சுரேஷிடம் அசிங்கப்பட்டேன். அந்த வீடியோவோ என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து கிளம்பிப் போயிருக்கிறது.

அழுது முடித்துவிட்டு ஷெரின் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "அப்பா, பொய்ன்னு சொன்னா அவங்க எடுக்க மாட்டாங்க. திருட்டுன்னு சொன்னா எடுப்பாங்க," என்றாள்.

"என்ன திருட்டு?"

"என்னோட வீடியோவை அந்த ஆள் திருடிட்டான். அது என் சொத்து. அதுக்கு வேற ஃபாரம் இருக்கு."

உண்மையாகவே இருந்தது. பொய்க்கு ஒரு பொத்தான்தான். சொத்துக்கு மூன்று பக்கப் படிவம். பெயர், விலாசம், முதலில் எடுத்த வீடியோ, எடுத்த நாள், நான் சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி. உங்கள் பெயர் எதிராளிக்குத் தெரிவிக்கப்படும் என்று ஒரு எச்சரிக்கை. அவளுக்கு வயது போதாது. அதனால் நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டே நாளில் வீடியோ போயிற்று.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீடியோ இருந்த இடத்தில் வந்த சாம்பல் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'உரிமையாளரின் புகாரால் நீக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. பொய் என்பதற்காக நீக்கினோம் என்று ஒரு சொல் இல்லை. சொத்துக்கு உரிமையாளர் உண்டு, அதனால் கம்பெனி பயப்படுகிறது. மீனில் இருந்தது மண் என்ற உண்மைக்கு உரிமையாளர் என்று யார் போய்க் கையெழுத்துப் போடுவது?

6

மறுநாள் அக்காளை விளித்து, "எக்கா, எடுத்துட்டேன், போயாச்சு" என்றேன். அவள் பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"ஏலே, அது ஒனக்க வேலதானா?" என்றாள். "எவம்லே ஒங்கிட்ட அழிக்கச் சொன்னான்?"

"நீதான எக்கா, கம்பெனிக்குப் போய்ச் சொல்லச் சொன்ன?"

"சொல்லத்தான சொன்னேன்? அழிக்கவா சொன்னேன்?"

அப்போதுதான் அவள் அந்த ஒரு வாரம் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது தெரிந்தது. தனக்கு வந்த லிங்க்கைத் தட்டி அந்த வீடியோவைக் காட்டிக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறாள். சருவத்தை வாசலில் இறக்கிவிட்டு, "இதப் பாருங்க, இது நாந்தான், இது எனக்க கை. இந்தக் கை எங்கேருந்து வருகுன்னு பாருங்க. தரையிலேருந்து வருகு. பிணத்துப் பொடிய எவளாவது கடப்புறத்துல கொட்டி வைப்பாளா?" என்று கேட்டிருக்கிறாள். நான்கு வீடுகள் யோசித்துவிட்டு மறுபடி வாங்க ஆரம்பித்தனவாம். முதலில் வாங்கியது கமலம் டீச்சர். ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர். அவர் வாங்கினால் அந்தத் தெரு வாங்கும்.

"நேத்தைக்கு டீச்சரு கேக்குகு, 'திரேசம்மா, அழிச்சுப்புட்டாங்களாமே'ன்னு. 'பொய்யா இருந்தா ஏன் அழிக்கணும்? உங்க ஆளுவதான் யாரையோ பிடிச்சு அழிச்சிருக்கு'ன்னு. நான் போனத் தட்டிக் காட்டுனா சாம்பக் கலருல ஒரு கட்டம் நிக்குகு. நான் என்னத்தச் சொல்லட்டும்? இருந்தாக்க காட்டிப் பேசுவேன். இப்ப ஒளிச்சு வச்சவ ஆயிட்டேன். டீச்சரு வேண்டாம்னு கதவச் சாத்திப்புட்டு."

இதற்குப் பிறகு மறைத்தால் நான் மனிதன் இல்லை. "எக்கா, அத எடுத்தது ஷெரின்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் பக்கத்தில் நின்றது, பேச்சை வெட்டியது, பாட்டுப் போட்டது, படிவத்தில் கையெழுத்துப் போட்டது.



"அப்ப," என்றாள் அக்காள், "எனக்க வாய மொதல்ல மூடுனது ஒனக்க மவளா?"

ஆமாம் என்றேன்.

"முழுசும் அவகிட்ட இருக்கா?"

"இருக்கு. நாலு நிமிசமும் இருக்கு."

"நாளைக்கு மத்தியானம் விளிப்பேன். அவள போனப் பிடிக்கச் சொல்லு. நீ பிடிக்காண்டாம்."

எனக்கு மறுநாள் மதிய ஷிப்டு. நம்மூர் மத்தியானம் பன்னிரண்டுக்கு இங்கே காலை ஏழரை. ஷெரின் பள்ளிச் சீருடையில், ஒரு கையில் ரொட்டியோடு நின்றாள். எட்டே காலுக்குப் பள்ளிக்கூட பஸ். போன் வந்தது. திரையில் அக்காளின் முகம் ஒருகணம் தெரிந்து, பிறகு ஒரு கம்பிக் கதவு தெரிந்தது. கதவுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு முகம்.

"டீச்சரம்மா, இதுதான் நான் சொன்ன பிள்ள. எனக்க தம்பி மவ. சொல்லு மக்ளே."

ஷெரின் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"டீச்சர், அது... அது மண்ணு," என்றாள். "கெமிக்கல் இல்ல. நான்தான் வீடியோ எடுத்தேன். மாமி பேசுனாங்க. நான் அதை கட் பண்ணிட்டேன். அது என் தப்பு."

"நீ அவளுக்க மருமவ. நீ அப்படித்தான சொல்லுவ?" என்றார் டீச்சர். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன், நான் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"முழு வீடியோவும் மாமிக்கு அனுப்பியிருக்கேன், டீச்சர். பாருங்க."

அக்காள் அதை டீச்சரின் போனுக்கு அனுப்ப, டீச்சர் பார்த்தார். நான்கு நிமிடமும் பார்த்தார். அக்காளின் பேச்சு டீச்சரின் போனிலிருந்து கம்பிக் கதவைத் தாண்டி எங்கள் சமையலறைவரை கேட்டது. அதில் ஒரு இடத்தில் அவள், "சுசீந்திரத்துப் பக்கம் ஒரு டீச்சரு உண்டு, மண்ணு கொறஞ்சா திட்டும்" என்கிறாள். கதவுக்குப் பின்னால் அந்த முகம் கொஞ்சம் மாறியது. சிரிக்கவில்லை.

"வீடியோவ நான் நம்ப மாட்டேன்," என்றார் டீச்சர். "முதல் வீடியோவையும் கண்ணால பாத்துத்தான் நம்புனேன். பத்து சாளை எடுத்துப் போடு. நான் கழுவிப் பாக்கேன். ஏ பிள்ள, நீ போன வச்சிராத. கழுவி முடிக்கது வர நில்லு."

பாத்திரம் வந்தது. தண்ணீர் வந்தது. டீச்சர் ஒவ்வொரு மீனாகக் கழுவினார். கணக்கு டீச்சர் அல்லவா, அவசரமே இல்லை. மணி எட்டு. ஷெரின் கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசி மீனையும் எடுத்து வைத்துவிட்டு, தண்ணீரை மெதுவாகச் சரித்து ஊற்றி, அடியில் நின்றதை விரலில் எடுத்துத் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்து, மோந்தும் பார்த்தார்.

"மண்ணுதான்," என்றார்.

"அப்பம் மத்தவங்ககிட்டயும் கொஞ்சம் சொல்லுங்க டீச்சரம்மா," என்றாள் அக்காள்.

"நான் எனக்குத்தான் பாத்தேன். தெருவுக்குப் பாக்க நான் ஆள் இல்ல. அவங்கவங்க பாக்கட்டும்," என்று சொல்லி மீனோடு உள்ளே போய்விட்டார்.

அந்தக் கம்பெனிகள் பொய்யைக் கட்டுப்படுத்த வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன். வேகமாக ஓடுவதை நிறுத்திப் பிடிக்கட்டும். கடப்புறம் தெரிந்த ஆளை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்கட்டும். எடுத்தால், இன்ன காரணத்துக்காக எடுத்தோம் என்று எடுத்த இடத்திலேயே எழுதிவைக்கட்டும். வெட்டாத முழு வீடியோவையும் பக்கத்தில் வைக்கட்டும். ஓசையில்லாமல் அழிக்கிற உரிமையை மட்டும் நான் அவர்களுக்குக் கொடுக்கமாட்டேன். அழித்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பவும் மாட்டேன். அந்த ஆண் குரல் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்நேரம் வேறு யாருடைய சருவத்தையோ பார்த்துக்கொண்டிருப்பான்.

திரை ஆடியது. அக்காள் சருவத்தைத் தலையில் தூக்கி, போனைக் கையில் பிடித்தபடி நடந்தாள். ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூட பஸ் வந்து நின்று, ஷெரினுக்காக ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று.

"மாமி, நான் வைக்கட்டுமா?" என்றாள் ஷெரின்.

"எதுக்கு வைக்க? அடுத்த வீடு வந்தாச்சு. அதே மாதிரி சொல்லு. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு."

"எத்தன வீடு மாமி?"

"எல்லா வீடும்தான் மக்ளே," என்று சொல்லிவிட்டு அக்காள் கதவைத் தட்டினாள்.